கிரேக்கத் தெய்வங்களின் பொறாமையும் தண்டனையும்: எழுதப் புகுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கப் புராணக் கதைகளைத் தமிழில் சொல்ல முனைவோரின் கைப்பிரதிகளைப் படித்துத் திருத்திக் கொடுக்கும் வேலையைச் சில காலமாகச் செய்து வருகிறேன். வருபவற்றில் பெரும்பகுதி ஒரே பொருளைச் சுற்றியே அமைந்திருக்கும்: தெய்வம் பொறாமை கொள்கிறது, மனிதர் தண்டனை பெறுகிறார். ஹீரா, மெடூசா, அராக்னி, நயோபி, ஆக்டியான் என்று பெயர்கள் திரும்பத் திரும்ப வருவதைப் போலவே தவறுகளும் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றில் பல, தொடக்கத்தில் எனக்கும் நெருங்கிய பழக்கமுடையவை. பெயர்களை எப்படி எழுத்துக்கூட்டுவது, ஜீயஸின் பிள்ளைகளில் யார் யாருடைய வயிற்றில் பிறந்தவர் என்பன போன்ற குழப்பங்களை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கலைக்களஞ்சியம் ஒன்று பக்கத்தில் இருந்தால் அவை தாமே சரியாகிவிடும். கலைக்களஞ்சியத்தைப் புரட்டியும் தீராத தவறுகளைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

ஹீராவைச் சக்களத்திச் சண்டைக்காரியாக மட்டும் வரைதல்

தெய்வங்களின் அரசனான ஜீயஸ் ஒரு பெண்ணை நாடுகிறான், அவன் மனைவி ஹீரா அறிகிறாள், அந்தப் பெண்ணை வதைக்கிறாள். இந்த மூன்று வரிச் சட்டகத்துக்குள் இயோ, செமெலி, லீட்டோ, ஆல்க்மெனி எல்லாரையும் அடைத்துவிட்டால் எழுதுவது எளிது. ஆனால் எல்லாக் கதைகளும் ஒன்றுபோல் ஆகிவிடும். ஹீராவின் சினம் எங்கே பாய்கிறது என்பதைக் கவனித்துப் படிப்பவருக்கு வேறொன்று தெரியவரும். அப்பல்லோவைப் பாடும் பழைய ஹோமரியப் பாசுரத்தில், லீட்டோ ஒன்பது பகலும் ஒன்பது இரவும் பிரசவ வேதனையில் துடிக்கிறாள். பிரசவத்துக்குரிய தெய்வமான எய்லெய்தியாவை, தெய்வங்கள் வாழும் ஒலிம்பஸ் மலையை விட்டு இறங்கவிடாமல் ஹீரா தடுத்து வைத்திருக்கிறாள். அதற்குப் பொறாமைதான் காரணம் என்று பாசுரம் வெளிப்படையாகவே சொல்கிறது. எதன்மீது பொறாமை என்பதையும் உடன் சொல்கிறது. லீட்டோ குற்றமற்ற, வலிமை மிக்க மகனைப் பெறப் போகிறாள் என்பதே அது. கணவன் வேறொரு பெண்ணிடம் போனான் என்பதைக் காட்டிலும், அந்தப் பெண் பெறவிருக்கும் பிள்ளை ஒலிம்பஸில் எந்த இடத்தில் அமரப் போகிறது என்பதே இங்கே பெரிய கேள்வி.

ஹோமரின் காவியமான இலியட்டின் 19ஆம் காண்டத்தில் இது இன்னும் தெளிவாகிறது. இன்று பிறக்கும் என் குருதிவழிப் பிள்ளை சுற்றியிருப்போரை எல்லாம் ஆள்வான் என்று, ஆல்க்மெனி பெறவிருக்கும் ஹெராக்ளீஸை மனத்தில் வைத்து ஜீயஸ் பெருமையடிக்கிறான். ஹீரா அதை ஆணையாகவே இடச் செய்துவிட்டு, உடனே ஆர்கோஸுக்கு விரைந்து, ஜீயஸின் வழிவந்த மற்றொரு பிள்ளையான யூரிஸ்தியஸை ஏழாம் மாதத்திலேயே பிறக்க வைத்து, ஆல்க்மெனியின் பிரசவத்தை நிறுத்தி வைக்கிறாள். இது அரசுரிமைச் சூழ்ச்சி. படுக்கையறைச் சண்டை என்று இதை எழுதினால் கதையின் முதுகெலும்பே முறிந்துவிடும். மேலும், ஹீராவால் ஜீயஸைத் தண்டிக்க இயலாது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். ஹெராக்ளீஸைத் துன்புறுத்தியதற்காக அவளுடைய கைகளைப் பொன் சங்கிலியால் பிணைத்து, கால்களில் இரண்டு பட்டறைக்கற்களைக் கட்டி வானத்தில் தொங்கவிட்டதை 15ஆம் காண்டத்தில் ஜீயஸே அவளுக்கு நினைவூட்டி மிரட்டுகிறான். தண்டிக்கும் தெய்வமாகவே அறியப்பட்டவள் தானும் தண்டனை பெற்றவள் என்ற செய்தியைக் கைப்பிரதிகளில் நான் அரிதாகவே காண்கிறேன்.

வழிபாட்டிலிருந்த ஹீராவையும் அடியோடு மறந்துவிடுகிறார்கள். ஒலிம்பியாவில் அவளுடைய கோயில் ஏறத்தாழ கி.மு. 600இல் எழுந்தது, அங்குள்ள புகழ்பெற்ற ஜீயஸ் கோயில் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பிற்பட்டது. சாமோஸ் தீவிலிருந்த ஹீரா கோயில்தான் தாம் அறிந்த கோயில்களிலேயே பெரியது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். பொறாமை பிடித்த மனைவி என்ற ஒற்றை அடையாளத்துக்கு எவரும் இப்படிக் கோயில் எடுக்கமாட்டார்கள்.

ஓவிட் சொன்னதைக் கிரேக்கர் சொன்னதாக எழுதுதல்

எத்தனை முறை சுட்டிக்காட்டினாலும் மறுபடியும் முளைக்கும் தவறு இதுதான். எனக்கு இன்றுவரை எரிச்சலூட்டுவதும் இதுவே. மற்றத் தவறுகள் ஒரு பத்தியைக் கெடுக்கும். இது கட்டுரையின் வாதம் முழுவதையும் சாய்த்துவிடும்.

நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மெடூசாவைப் பற்றிப் பாட்காஸ்ட் தொடர் ஒன்றை உருவாக்கிய இளைஞர், பதிவும் ஒலித்தொகுப்பும் முடிந்து, பின்னணி இசைக்கும் பணம் கொடுத்த பிறகு, பெயர்களின் உச்சரிப்பைச் சரிபார்க்க மட்டும் எனக்கு அனுப்பி வைத்தார். உச்சரிப்பில் பெரிய குறை இல்லை. தொடரின் மையக்கருத்து இதுதான்: கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் நகரத்தார், வன்முறைக்கு ஆளான பெண்ணையே குற்றவாளியாக்கும் மனப்பான்மை உடையவர்கள். அதனால்தான் தம் நகரத் தெய்வமான அதீனா, தன் கோயிலில் கடல் தெய்வமான போஸைடனால் கெடுக்கப்பட்ட மெடூசாவின் கூந்தலைப் பாம்புகளாக்கித் தண்டித்தாள் என்று கதை கட்டினார்கள். ஏதென்ஸின் திருமண வழக்கங்கள், பெண்களின் சட்டநிலை, நாடக அரங்கு எல்லாவற்றையும் இந்த ஒரு கதையோடு முடிச்சுப் போட்டிருந்தார். உழைப்பு உண்மையானது, நடையும் நன்றாக இருந்தது. ஆனால் கோயில், கெடுத்தல், பாம்புக் கூந்தல், தண்டனை என்று வரிசையாக வரும் அந்தக் கதை ஓவிட் என்ற ரோமக் கவிஞர் இலத்தீனில் எழுதிய ‘உருமாற்றங்கள்’ காவியத்தில் உள்ளது. அந்தக் காவியம் கி.பி. 8ஆம் ஆண்டை ஒட்டி முடிந்தது. அவர் குறிப்பிட்ட ஏதென்ஸுக்கும் அதற்கும் இடையே 400 ஆண்டுகளுக்கு மேல் இருக்கின்றன. நகரமும் வேறு, மொழியும் வேறு, ஆட்சியும் வேறு. பெரும்பாலான பகுதிகளை மறுபடி எழுதிப் பதிவு செய்ய வேண்டியதாயிற்று.

பழைய கிரேக்கச் சான்றுகள் மெடூசாவைப் பற்றி என்ன சொல்கின்றன? ஏறத்தாழ கி.மு. 700இல் கிரேக்கக் கவிஞர் ஹீசியட் இயற்றிய ‘தெய்வத் தோற்றம்’, போர்கிஸ், கீட்டோ ஆகியோரின் மகள்களாக கார்கன்கள் என்ற மூன்று அரக்கிகளைச் சொல்கிறது. ஸ்தென்னோவும் யூரியேலும் சாவும் மூப்பும் அற்றவர்கள். மெடூசா மட்டும் சாகக்கூடியவள். அவளுடன் போஸைடன் கூடியது கோயிலில் அன்று. மென்மையான புல்வெளியில், இளவேனிற் பூக்களுக்கு நடுவே. வீரன் பெர்சியஸ் அவள் தலையைக் கொய்தபோது கழுத்திலிருந்து கிரிசாவோரும் பெகாசஸ் என்ற குதிரையும் பாய்ந்து வந்தனர். அவ்வளவுதான். அதீனாவின் தண்டனை அங்கே இல்லை, பொறாமையும் இல்லை. மெடூசா பிறப்பிலேயே கார்கன். கோர்ஃபு தீவில் ஏறத்தாழ கி.மு. 580இல் எழுந்த, வேட்டைத் தெய்வமான ஆர்ட்டெமிஸின் கோயிலின் முகப்புச் சிற்பத்தை இன்று அத்தீவின் அருங்காட்சியகத்தில் காணலாம்: இடுப்பில் பாம்புகள் பிணைந்திருக்க, ஓடும் தோற்றத்தில் மண்டியிட்டு நிற்கும் மெடூசா, தலை இன்னும் கொய்யப்படாத நிலையிலேயே பக்கத்தில் பெகாசஸும் கிரிசாவோரும். கோயிலின் நெற்றியில் வைக்கத்தக்க காவல் உரு அது. தண்டனைக்கு ஆளான பேதைப் பெண் அன்று.

இதைச் சொன்னதும் சிலர் மறுகோடிக்குப் போய், மெடூசாவின் அழகே ஓவிட்டின் கற்பனை என்று எழுதிவிடுகிறார்கள். அதுவும் பிழை. கிரேக்கக் கவிஞர் பிண்டார் கி.மு. 490இல் பாடிய பாடல் ஒன்றிலேயே மெடூசா எழில்மிக்க கன்னமுடையவள் என்று குறிக்கப்படுகிறாள். கி.மு. 450 முதல் 440 வரையிலான காலத்தைச் சேர்ந்த குடம் ஒன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது; அதில் மெடூசா சாதாரணப் பெண்ணின் முகத்தோடு உறங்கிக்கொண்டிருக்க, பெர்சியஸ் அவள் கழுத்தை அறுக்கத் தொடங்குகிறான்; அதீனா அருகே நிற்கிறாள். அப்பல்லோடோரஸ் பெயரில் வழங்கும், கி.பி. முதல் இரு நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் கதைத்தொகுப்பு நூல், அழகில் அதீனாவோடு தன்னை ஒப்பிட்டதால் மெடூசா தலையிழந்தாள் என்று சிலர் சொல்வதாகக் குறிப்பிடுகிறது. ஆக, பொறாமைக் கதை வேண்டுமென்றால் அதற்கும் சான்று இருக்கிறது. ஆனால் அது கோயில் கதை அன்று, ஹீசியட்டின் கதையும் அன்று. மூன்றையும் ஒரே பானையில் இட்டுக் கிளறி ‘கிரேக்கப் புராணம் கூறுகிறது’ என்று தொடங்குவதைத்தான் நான் பொறுத்துக்கொள்வதில்லை.

ஓவிட்டின் வரிகளை நேராகப் படித்திருந்தால் அந்த இளைஞருக்கு இன்னும் நல்ல கட்டுரையே கிடைத்திருக்கும் என்பதுதான் எரிச்சலின் உண்மையான காரணம். நான்காம் காண்டத்தின் முடிவில் அந்தக் கதையைச் சொல்பவர் கவிஞர் அல்லர், பெர்சியஸ். ஆண்ட்ரோமிடாவை மணந்த விருந்தில், உண்டு குடித்து அமர்ந்திருக்கும் பிரபுக்களில் ஒருவன், சகோதரிகளுள் மெடூசாவுக்கு மட்டும் ஏன் கூந்தலில் பாம்புகள் என்று கேட்கிறான். கேட்கத் தக்க கேள்வி என்று சொல்லிப் பெர்சியஸ் விடையிறுக்கிறான்: அவள் பேரழகி, பலர் அவளை விரும்பினர், அவளிடத்தில் கூந்தலைக் காட்டிலும் அழகியது எதுவுமில்லை, அந்தக் கூந்தலைக் கண்டதாகச் சொன்ன ஒருவனை நான் சந்தித்திருக்கிறேன். பிறகு நெப்டியூன் (போஸைடனின் ரோமப் பெயர்) மினர்வாவின் (அதீனாவின் ரோமப் பெயர்) கோயிலில் அவளைக் கெடுத்தான் என்றும், தேவி முகத்தைத் திருப்பிக் கேடயத்தால் கண்களை மறைத்துக்கொண்டாள் என்றும், இது தண்டனையின்றிப் போகக்கூடாது என்று கூந்தலைப் பாம்புகளாக்கினாள் என்றும் சொல்கிறான். அதாவது, கொலையுண்டவளின் வரலாற்றைக் கொலைசெய்தவன், தன் திருமண விருந்தில், கேள்விச் செய்தியை ஆதாரம் காட்டிச் சொல்கிறான். அதீனாவின் நீதியைப் பற்றி எழுத வருபவர் இந்த அமைப்பைக் கண்டுகொள்ளாமல் போனால் பாதிக் கவிதையைத் தூக்கி எறிந்தவராகிறார்.

அராக்னி கதையிலும் இதுவே நிகழ்கிறது. நமக்கு முழுமையாகக் கிடைக்கும் பழைய வடிவம் ஓவிட்டின் ஆறாம் காண்டத்தில்தான் இருக்கிறது. எனவே ‘பண்டைக் கிரேக்கர் தம் குழந்தைகளுக்குச் சொன்ன பணிவுக் கதை’ என்று தொடங்குவது ஆதாரமற்றது. கதையின் உள்ளேயும் பணிவுப் பாடம் எளிதாக நிற்பதில்லை. அராக்னிக்கும் தேவிக்கும் நடக்கும் நெசவுப் போட்டியில் மினர்வா நெய்வது நடுவே தன் வெற்றி, நான்கு மூலைகளிலும் தெய்வங்களோடு மோதித் தண்டனை பெற்ற மனிதர்கள், சுற்றிலும் ஒலிவ இலைக் கரை என்று ஒழுங்காக அமைந்த துணி. லிடியா நாட்டுச் சாயக்காரனின் மகளான அராக்னி நெய்வது தெய்வங்கள் உருமாறிப் பெண்களை ஏமாற்றிய 21 காட்சிகள்: காளையாக வந்து ஐரோப்பாவைக் கவர்ந்த ஜுபிடர் (ஜீயஸின் ரோமப் பெயர்), அன்னமாக லீடாவிடம், பொன்மழையாக டனாயியிடம், அடுத்து நெப்டியூன், அப்பல்லோ என்று வரிசை போகிறது, கரையில் பூக்களும் கொடிகளும். அந்தத் துணியில் மினர்வாவாலும் குறை காண முடியவில்லை, பொறாமையே உருவெடுத்து வந்தாலும் காண முடியாது என்கிறார் ஓவிட். தேவி துணியைக் கிழிக்கிறாள். நெசவு நாடாவால் அராக்னியின் நெற்றியில் அடிக்கிறாள். அவள் பொறுக்கமாட்டாமல் தூக்கிட்டுக்கொள்கிறாள். அப்போது இரக்கம் கொண்டு தேவி அவளைச் சிலந்தியாக்குகிறாள். போட்டியில் தோற்றதற்காக அராக்னி தண்டிக்கப்பட்டாள் என்று எழுதப்பட்ட கைப்பிரதிகளை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். தோற்றாள் என்று ஓவிட் எங்கும் சொல்லவில்லை.

ஓவிட்டின் வாழ்க்கையை இதனோடு இணைக்க விரும்புவோருக்கு ஓர் எச்சரிக்கை. அகஸ்டஸ் பேரரசன் கி.பி. 8இல் அவரைக் கருங்கடற்கரையில் இருந்த தோமிஸ் என்ற ஊருக்கு நாடுகடத்தினான். ஒரு கவிதையும் ஒரு பிழையும் தம்மைக் கெடுத்தன என்று ஓவிட் எழுதினார். எனவே தண்டிக்கும் தெய்வங்கள் எல்லாம் அகஸ்டஸின் உருவங்களே என்று எழுதிவிடத் தோன்றும். ஆனால் காவியம் நாடுகடத்தலுக்கு முன்பே பெரும்பாலும் எழுதப்பட்டுவிட்டது. இணைப்பைச் செய்தவர் பின்னாளில் ஓவிட்டே: நாடுகடந்த நிலையில் எழுதிய ‘துயரப் பாடல்கள்’ நூலில், தெரியாமல் டயானாவை (ஆர்ட்டெமிஸின் ரோமப் பெயர்) நீராடக் கண்டு தன் நாய்களுக்கே இரையான ஆக்டியானோடு தம்மை ஒப்பிட்டுக்கொள்கிறார். அந்த வரிகளிலிருந்து தொடங்குங்கள். காவியத்தின்மீது பின்னோக்கிப் பூசாதீர்கள்.

நடைமுறையில் நான் சொல்வது மிக எளிது. தெய்வத்தை மினர்வா, ஜூனோ, டயானா என்று நீங்கள் படித்த நூல் அழைக்கிறதென்றால், நிறுத்தி யார் எழுதியது என்று பாருங்கள். அதீனா, ஹீரா, ஆர்ட்டெமிஸ் என்று பெயரை மட்டும் மாற்றிவிடுவதால் ரோமக் கதை கிரேக்கக் கதை ஆகிவிடாது. இணையத்தில் உலவும் சுருக்கங்களில் பெரும்பாலானவை அந்தப் பெயர்மாற்றத்தை மட்டுமே செய்திருக்கின்றன.

குற்றம் ஒன்றுதான் என்று நம்புதல்

ஆக்டியான் இறந்த விதம் எல்லா வடிவங்களிலும் ஏறத்தாழ ஒன்றே: தன் வேட்டை நாய்களால் கிழிபட்டான். ஏன் என்பதில்தான் வேறுபாடு. ஏதென்ஸ் நாடகாசிரியர் யூரிபிடீஸின் ‘பாக்கஸ் பெண்கள்’ நாடகத்தில், வேட்டையில் ஆர்ட்டெமிஸைவிட நான் சிறந்தவன் என்று அவன் பெருமை பேசியதே குற்றம். செமெலியை மணக்க விரும்பியதால் வந்த கேடு என்பது ஸ்டெசிகோரஸ் போன்ற பழையோர் கூற்று. கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கலிமாக்கஸ், விரும்பாமலே தேவியின் நீராடலைக் கண்டான் என்கிறார். ஓவிட், தவறு விதியினுடையது, அவனிடம் குற்றமில்லை என்று தீர்ப்பையே எழுதிவிடுகிறார். நீராடலைக் கண்ட கதை மட்டும் தெரிந்தவர், பெருமை பேசியதற்காகத் தண்டனை என்று படித்தால் அதைப் பிழை என்று திருத்திவிடுகிறார். அப்படித் திருத்தப்பட்ட சரியான வாக்கியத்தை நான் மறுபடியும் பழைய நிலைக்குக் கொண்டுவர நேர்ந்ததுண்டு.

குறிசொல்லியான டைரீசியஸின் குருட்டுத்தன்மைக்கும் இரண்டு காரணங்கள் உண்டு. ஆண், பெண் இருபாலாரில் கலவியின்பம் யாருக்கு மிகுதி என்று ஜீயஸுக்கும் ஹீராவுக்கும் இடையே எழுந்த வழக்கில் பெண்ணுக்கே என்று சொன்னதால் ஹீரா குருடாக்கினாள் என்பது ஒன்று. கலிமாக்கஸ் சொல்வது மற்றொன்று: மலைச்சாரலின் நண்பகல் அமைதியில், தாகத்தோடு ஊற்றுக்கு வந்த சிறுவன் அதீனா நீராடுவதைக் கண்டுவிடுகிறான். அங்கே அவனுடைய தாய் கதறும்போது அதீனா, பிள்ளைகளின் கண்களைப் பறிப்பது எனக்கு இனியதன்று. தெய்வம் தானே விரும்பாதபோது அதைக் காண்பவன் பெருவிலை கொடுப்பான் என்பது குரோனஸ் காலத்துச் சட்டம் என்கிறாள். பொறாமையும் இல்லை, சினமும் இல்லை. தண்டிக்கும் தெய்வத்துக்கே மனமில்லாத தண்டனை.

ஹெராக்ளீஸ் பித்தேறித் தன் பிள்ளைகளைக் கொன்றது, யூரிஸ்தியஸுக்காகச் செய்த பன்னிரு பணிகளுக்கு முன்னா பின்னா என்பதில் கதையின் பொருளே மாறும். அப்பல்லோடோரஸ் முன்னே வைக்கிறார்; பணிகள் கழுவாயாகின்றன. யூரிபிடீஸ் பின்னே வைக்கிறார். உலகுக்கு எல்லா நன்மையும் செய்து முடித்து வீடு திரும்பியவனை ஹீரா வீழ்த்துகிறாள். அந்த நாடகத்தில், ஏவப்பட்டு வரும் பித்து என்ற தெய்வமே இந்த வேலை வேண்டாம் என்று தயங்குகிறது.

எல்லாவற்றையும் பொறாமைக் கணக்கில் எழுதுதல்

தெய்வம் தண்டித்தது என்றாலே பொறாமை என்று எழுதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. கி.மு. 428இல் அரங்கேறிய யூரிபிடீஸின் ‘ஹிப்போலிட்டஸ்’ நாடகத்தைத் தொடங்கி வைக்கும் காதல் தெய்வம் அஃப்ரோடைட்டி, தனக்கு ஆர்ட்டெமிஸ் மீது பொறாமை இல்லை என்பதைத் தானே சொல்லிவிடுகிறாள். ஆர்ட்டெமிஸையே போற்றும் ஹிப்போலிட்டஸ் தன்னைத் தெய்வங்களிலேயே இழிந்தவள் என்று சொல்வதும், உரிய மதிப்பைத் தர மறுப்பதுமே அவளது வழக்கு. இந்தத் தண்டனைக்காக, குற்றமே செய்யாத, ஹிப்போலிட்டஸின் சிற்றன்னையான ஃபீட்ராவும் சாக வேண்டியிருக்கும் என்பதை அவள் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு நகர்கிறாள். நாடக முடிவில் ஆர்ட்டெமிஸ் வந்து, ஒரு தெய்வம் விரும்பியதை மற்றொரு தெய்வம் தடுப்பதில்லை என்பதே எங்களிடையே உள்ள வழக்கம் என்கிறாள்; பதிலுக்கு அஃப்ரோடைட்டிக்கு மிகப் பிரியமான மனிதன் ஒருவனைத் தன் அம்பால் வீழ்த்துவதாக வாக்களித்துவிட்டு, சாகிறவனைக் காண்பது தனக்கு ஆகாது என்று விலகிப் போகிறாள். மதிப்புக் குறைவுக்குப் பழி, பழிக்குப் பழி என்ற இந்தக் கணக்கைப் பொறாமை என்று சுருக்கினால் நாடகம் சீரியல் ஆகிவிடும்.

உண்மையான பொறாமை வேறோர் இடத்தில் இருக்கிறது. அதைத்தான் தொடக்க எழுத்தாளர்கள் தொடுவதே இல்லை. மனிதருடைய மிகையான நற்பேற்றைத் தெய்வம் பொறுப்பதில்லை என்ற நம்பிக்கையை ஹெரோடோட்டஸ் மீண்டும் மீண்டும் சொல்கிறார். சாமோஸின் ஆட்சியாளன் பொலிக்ரட்டீஸுக்குத் தொட்டதெல்லாம் வெற்றியாகிறது. எகிப்து மன்னன் அமாசிஸ் கவலைப்பட்டு, உன் வெற்றிகள் எனக்கு மகிழ்ச்சி தரவில்லை, தெய்வம் பொறாமையுடையது. உனக்கு மிக அருமையான ஒன்றைத் தூக்கி எறிந்துவிடு என்று மடல் எழுதுகிறான். பொலிக்ரட்டீஸ் தன் மரகத முத்திரை மோதிரத்தைக் கடலில் எறிகிறான். சில நாளில் மீனவன் ஒருவன் அரசனுக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்த பெரிய மீனின் வயிற்றிலிருந்து மோதிரம் திரும்பி வருகிறது. இழக்க முயன்றும் இழக்க முடியாதவன் நல்ல முடிவு காணமாட்டான் என்று அமாசிஸ் நட்பையே முறித்துக்கொள்கிறான். பின்னர் பாரசீக ஆளுநன் ஓரோயிட்டீஸின் வலையில் சிக்கிப் பொலிக்ரட்டீஸ் கொல்லப்பட்டு, உடல் கழுவில் தொங்கவிடப்படுகிறது. இங்கே எந்தத் தெய்வத்துக்கும் பெயர் இல்லை, அவமதிப்பு இல்லை, குற்றமும் இல்லை.

அதே ஹெரோடோட்டஸ் கூறும் ஏதென்ஸ் அறிஞர் சோலோன், லிடியா அரசன் குரோயசஸ் உரையாடலையும் முழுமையாகப் படிக்க வேண்டும். தெய்வம் பொறாமையும் குழப்பமும் செய்வது என்று சோலோன் சொல்வதை மட்டும் மேற்கோளாக எடுப்போர், அதற்குச் சற்று முன்பு அவர் சொல்லும் கதையை விட்டுவிடுகிறார்கள். ஆர்கோஸில் ஹீராவின் விழாவுக்குத் தாயை அழைத்துச் செல்ல மாடுகள் வந்துசேராததால், கிளியோபிஸ், பைட்டன் என்ற இரு சகோதரர் தாமே நுகத்தில் கழுத்தை வைத்து 45 ஸ்டேடியம் தொலைவு, அதாவது ஏறத்தாழ 8 கிலோமீட்டர், வண்டியை இழுத்துச் செல்கிறார்கள். மனிதருக்குச் சிறந்தது எதுவோ அதை இவர்களுக்குக் கொடு என்று தாய் ஹீராவின் சிலைமுன் வேண்டுகிறாள். பலியும் விருந்தும் முடிந்து கோயிலிலேயே படுத்துறங்கிய இருவரும் எழுந்திருக்கவே இல்லை. இது தண்டனை அன்று, வரம்.

தெய்வங்களுக்குள்ளேயே இந்தப் புகார் உண்டு. ஒடிஸியின் ஐந்தாம் காண்டத்தில், ஒடிசியஸை அனுப்பிவிடு என்று ஹெர்மிஸ் ஆணை கொண்டுவரும்போது, அவனைத் தன் தீவில் வைத்திருக்கும் பெண் தெய்வம் கலிப்ஸோ வெடிக்கிறாள்: பெண் தெய்வங்கள் மானிட ஆண்களோடு வெளிப்படையாக வாழ்ந்தால் உங்களுக்குப் பொறுக்காது, விடியல் தேவி ஓரியோனை எடுத்துக்கொண்டபோதும் டிமீட்டர் ஐயாசியனோடு கூடியபோதும் இப்படித்தான் கொன்றீர்கள். பொறாமை என்பது ஹீராவின் தனிச்சொத்து என்று எழுதுவோருக்கு இந்த ஒரு பகுதியே போதிய மறுப்பு.

நயோபியின் பிள்ளைகள்

லீட்டோவைவிடத் தனக்குப் பிள்ளைகள் அதிகம் என்று பெருமை பேசி, அவர்களை அப்பல்லோவிடமும் ஆர்ட்டெமிஸிடமும் பறிகொடுத்துக் கல்லானவள் நயோபி. பிள்ளைகள் ஹோமரில் 12, ஓவிட்டில் 14. எண்ணை எழுதினால் யாருடைய கணக்கு என்பதையும் எழுதுங்கள்.

கழுகும் வல்லூறும்

ஈரலைப் பறவை கொத்தும் தண்டனை இருவருக்கு உண்டு: கழுகு, நெருப்பைத் திருடிய புரோமீதியஸுக்கு; வல்லூறுகள் இரண்டும், லீட்டோவைக் கெடுக்க முயன்ற டிட்டியஸுக்கு.

விமோசனம் தேடுதல்

நம் புராணங்களில் சாபம் என்றால் அதற்கு ஒரு முடிவும் கூடவே சொல்லப்படும். கேட்பவர் மனமும் அதை எதிர்பார்க்கும். அந்தப் பழக்கத்தில், நயோபிக்கும் ஆக்டியானுக்கும் விமோசனம் என்ன என்ற பத்தியைச் சிலர் தாமே சேர்த்துவிடுகிறார்கள். கல்லான நயோபியை மீட்க எந்த இராமனும் வருவதில்லை. நைல் நதிக்கரையில் மீண்டும் பெண்ணுருவம் பெறும் இயோவைப் போன்றோர் உண்டு. ஆனால் பொது வழக்கு அதுவன்று. ஒரு தெய்வம் செய்ததை மற்றொரு தெய்வம் இல்லாமல் ஆக்க இயலாது என்பதால்தான் டைரீசியஸுக்குக் கண் திரும்பவில்லை. ஈடாக வருவதுரைக்கும் ஆற்றல் மட்டும் கிடைத்தது.

நயோபி கல்லாக நிற்பதாகச் சொல்லப்படும் சிபிலஸ் மலை இன்றைய துருக்கியில், மனிசா நகரை ஒட்டி இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயணி பௌசானியஸ் அதன்மேல் ஏறிப் பார்த்தவர். பக்கத்தில் போனால் அது வெறும் பாறை, பெண்ணுருவும் இல்லை, அழுகையும் இல்லை. தள்ளி நின்று பார்த்தால் தலைகுனிந்து அழும் பெண்ணைப் போலத் தெரியும் என்று எழுதியிருக்கிறார். ஒரு புராணத்தை எப்படி எழுதுவது என்பதற்கு அதைவிட நேர்மையான இரண்டு வரிகளை நான் படித்ததில்லை.

கிரேக்கர்கள் இதையெல்லாம் கேள்வியின்றி நம்பினார்கள் என்று முடித்தல்

கட்டுரையின் கடைசிப் பத்தியில் தவறாமல் வரும் வாக்கியம் இது: இன்று நமக்குக் கொடுமையாகத் தோன்றுவது அன்றைய மக்களுக்கு இயல்பாக இருந்தது. அன்றைய மக்களில் ஒருவரையும் படிக்காமல் எழுதப்படும் வாக்கியம்.

கி.மு. 6ஆம் நூற்றாண்டிலேயே மெய்யியலாளர் செனோஃபனீஸ், மனிதரிடையே வெட்கக்கேடு என்று கருதப்படும் திருட்டு, பிறன்மனை நயத்தல், ஏமாற்றுதல் அனைத்தையும் ஹோமரும் ஹீசியட்டும் தெய்வங்கள்மேல் ஏற்றிவிட்டார்கள் என்று கண்டித்தார். கி.மு. 476இல் சிரக்யூஸ் அரசன் ஹியரோனின் குதிரைப் பந்தய வெற்றிக்குப் பாடல் இயற்றிய பிண்டார், டான்டலஸ் தன் மகன் பெலோப்ஸைச் சமைத்துத் தெய்வங்களுக்குப் படைத்தான் என்ற கதையை ஏற்க மறுத்து, தெய்வத்தை வயிற்றுவெறி கொண்டதாகச் சொல்ல என்னால் இயலாது என்கிறார். அப்படியானால் அந்தக் கதை எப்படி எழுந்தது? பையனைக் காணவில்லை என்றதும், பொறாமை பிடித்த அக்கம்பக்கத்தார் யாரோ கட்டிவிட்டார்கள் என்று விளக்குகிறார். தெய்வத்தின் பொறாமையைப் பேசும் கதைகளுக்கு நடுவே, கதை சொல்பவனின் பொறாமையைக் காரணம் காட்டும் கவிஞர் ஒருவர் இருக்கிறார் என்பது எழுதத் தக்க செய்தியல்லவா? பிளேட்டோ இன்னும் கடுமையானவர். தெய்வங்களின் கூட்டத்தில் பொறாமைக்கு இடமே இல்லை என்று ‘ஃபீட்ரஸ்’ உரையாடலில் எழுதினார்.

நாடக அரங்கிலும் இந்தக் குரல் ஒலித்தது. யூரிபிடீஸ் இறந்த பிறகு கி.மு. 405இல் அரங்கேறிய ‘பாக்கஸ் பெண்கள்’ நாடகத்தின் முடிவில், தன் பேரன் பென்தியஸின் உடல் துண்டுகளுக்கு முன்னே நிற்கும் முதியவர் காட்மஸ், சினத்தில் தெய்வங்கள் மனிதரைப் போல இருக்கலாகாது என்று, அந்தக் கேட்டை வருவித்த டயோனைசஸ் தெய்வத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறார். என் தந்தை ஜீயஸ் இதை நெடுங்காலம் முன்பே ஒப்புக்கொண்டுவிட்டான் என்பதற்கு மேல் டயோனைசஸிடம் விடை இல்லை. ‘ஹெராக்ளீஸ்’ நாடகத்தில் ஹீராவின் பொறாமையால் மனைவி மக்களைத் தன் கையாலேயே கொன்றுவிட்டு அமர்ந்திருக்கும் நாயகன், தெய்வங்கள் கள்ள உறவு கொள்வதையும் ஒன்றையொன்று விலங்கிடுவதையும் நான் ஒருபோதும் நம்பியதில்லை, தெய்வம் உண்மையில் தெய்வமாக இருந்தால் அதற்கு எந்தக் குறையும் இராது, இவையெல்லாம் பாவலர்களின் இரங்கத்தக்க கட்டுக்கதைகள் என்கிறான். அவனே அப்படிப்பட்ட கள்ள உறவில் பிறந்தவன் என்று நாடகம் முழுவதும் சொல்லப்படுகிறது. ஹீராவைச் சற்று முன்புதான் அவன் வாயாலேயே பழித்திருக்கிறான். இந்த முரண்பாட்டைப் பற்றி அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். எனக்கு வரும் நாடகச் சுருக்கங்களோ, பிள்ளைகள் இறந்ததும் ஏதென்ஸ் அரசன் தீசியஸ் வந்து ஹெராக்ளீஸை ஏதென்ஸுக்கு அழைத்துப் போவதாக ஒரே வரியில் முடிந்துவிடுகின்றன.